ஈறு தெரியும் சிரிப்பு

— மூன்றாம் ஆண்டு, விலங்கியல்

நம் மாவட்டத்தில் சிரிப்புக்குப் பஞ்சமே இல்லை. பட்டாசுக் கட்டின் மேலுறையில் ஒரு சிரிப்பு. மத்தாப்புப் பெட்டியில் ஒரு சிரிப்பு. சிவகாசி அச்சகங்களிலிருந்து ஆண்டுதோறும் ஊர் ஊராகச் செல்லும் காலண்டர்களில் இலட்சுமியும் சரசுவதியும் முருகனும் சிந்தும் அருட்சிரிப்பு. கோவில்பட்டி ஓவியர் கொண்டையராஜு (1898–1976) தீட்டிய தெய்வ உருவங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழகத்துச் சுவர்களையெல்லாம் அலங்கரித்தன. அத்தனை படங்களிலும் ஒன்றை நான் கவனித்திருக்கிறேன். எந்தத் தெய்வமும் ஈறு தெரியச் சிரிப்பதில்லை! இதழோரம் மெல்ல விரியும், அதிகம் போனால் முத்துப்போல் இரண்டு பல் தெரியும், அவ்வளவுதான்.

படத்தில் இருப்பவர்கள் அப்படி. படத்தை வாங்கி மாட்டுகிறவர்கள் எல்லோரும் அப்படி இருக்க முடியுமா? நம் வகுப்புகளிலேயே, நகைச்சுவையைக் கேட்டதும் சட்டென்று கையையோ தாவணி முனையையோ கைக்குட்டையையோ வாய்க்குமேல் கொண்டு போகும் தோழர் தோழியர் உண்டு. அவர்கள் வெட்கப்படுவதாக நாம் நினைக்கிறோம். உண்மையில் அவர்கள் தம் ஈற்றை மறைக்கிறார்கள். "வாயை மூடிக்கிட்டுச் சிரிம்மா" என்று புகைப்படக்காரர் ஒருமுறை சொன்ன சொல் போதும். ஆயுள் முழுதும் அந்தக் கை கீழே இறங்காது. இதை எழுதுகிறவளும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவளே.

'பெண் சிரித்தால் போச்சு, புகையிலை விரித்தால் போச்சு' என்று பழமொழி சொல்லி வைத்த நாடு இது. ஆனால் அதே தமிழில்தான் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை எண்ணும்போது நகையை முதலாவதாக வைத்தார். சிரிப்புக்கும் நகை என்று பெயர். அணிகலனுக்கும் நகை என்று பெயர். அந்த நகையை அணிந்துகொள்ள அஞ்சுவோர்க்காகவே இந்தக் கட்டுரை.

சிரிப்பின் அமைப்பு

சிரிப்பு என்னும் நாடகத்துக்கு மேலுதடுதான் திரை. நாம் சிரிக்கும்போது கன்னத்திலும் மூக்கின் இருபுறத்திலும் உள்ள சிறு தசைகள் சுருங்கி அந்தத் திரையை மேலே இழுக்கின்றன. சாதாரணமாக அது 6 முதல் 8 மி.மீ. உயரும். பெரும்பாலோருக்கு மேல்வரிசை முன்பற்களின் கழுத்தருகே வந்து நின்றுவிடும். சிலருக்குப் பல்லின் பாதியிலேயே நின்றுவிடும். வேறு சிலருக்குப் பற்களையும் தாண்டி உயர்ந்து, பல்வரிசைக்கு மேலே இளஞ்சிவப்பாக ஈறு ஒரு பட்டையாகத் தெரியும். இதைத்தான் ஈறு தெரியும் சிரிப்பு என்கிறோம்.

இது எத்தனை பேருக்கு உண்டு? அமெரிக்காவில் ட்ஜான் என்பவரும் துணை ஆய்வாளர்களும் 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 454 மாணவர்களின் சிரிப்பைப் படமெடுத்து ஆராய்ந்து 1984-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு 69 பேருக்கு நடுத்தரச் சிரிப்பு. 20 பேருக்குத் தாழ்ந்த சிரிப்பு. 10 பேருக்குச் சற்று அதிகமானோர்க்கு ஈறு தெரியும் உயர்ந்த சிரிப்பு. இவ்வுயர்ந்த சிரிப்பு ஆண்களைவிடப் பெண்களிடம் இருமடங்கு காணப்பட்டது. இதே கணக்கு நமக்கும் பொருந்துமானால், நாற்பது பேர் அமர்ந்துள்ள வகுப்பில் நால்வர் இப்படிச் சிரிப்பவராக இருப்பர். நால்வரும் 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று எண்ணிக்கொண்டிருப்பர்!

இன்னொரு ஆராய்ச்சி 1999-இல் வெளிவந்தது. கோகிச் என்பவரும் அவர் துணைவர்களும் சிரிக்கும் முகங்களின் படங்களில் ஈற்றின் அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிப் பலரிடம் காட்டினர். பல் சீரமைப்பு நிபுணர்களின் கண்ணுக்கு 2 மி.மீ. ஈறு தெரிந்தபோதே குறையாகப் பட்டது. பொதுமக்களோ 4 மி.மீ. வரும்வரை அதைப் பொருட்படுத்தவே இல்லை. கண்ணாடி முன் நின்று நாம் கண்டுபிடிக்கும் குறையை, எதிரே நிற்பவர் பெரும்பாலும் காண்பதில்லை என்பது இதனால் விளங்கும்.

ஆகவே, முதலில் மனத்தில் பதிக்க வேண்டியது இது: ஈறு தெரிவது ஒரு நோய் அன்று, அது ஒரு தோற்றம். அந்தத் தோற்றத்துக்குக் காரணங்கள் பல. சில காரணங்கள் பிறப்போடு வந்தவை. அவற்றால் தீங்கு ஒன்றுமில்லை. சில காரணங்கள் இடையில் வந்தவை. அவை நோயின் அறிவிப்பு. இரண்டையும் பிரித்தறியாமல் சிகிச்சை தேடுவதுதான் ஆபத்து.

காரணங்கள்

முதலாவது காரணம் எலும்பு. மேல்தாடை எலும்பு உயரவாக்கில் தேவைக்கு மேல் வளர்ந்துவிட்டால், பல்லும் ஈறும் சேர்ந்தே கீழே இறங்கி வந்துவிடும். இவர்களுக்கு முகத்தின் கீழ்ப்பகுதி சற்று நீண்டிருக்கும். சும்மா இருக்கும்போதும் உதடுகள் எளிதில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருக்கும். இது பெரும்பாலும் குடும்பவழி வருவது.

இரண்டாவது காரணம் ஈறு விலகாமை. மேல்வரிசை நடுப்பற்கள் ஏழெட்டு வயதில் ஈற்றைக் கிழித்துக்கொண்டு வெளிவருகின்றன. வந்த பின்னும் ஈறு உடனே முழுதும் விலகுவதில்லை. வளரிளம் பருவம் வரை சிறிது சிறிதாகப் பல்லின் கழுத்தை நோக்கி மேலேறுகிறது. சிலருக்கு இந்தப் பயணம் பாதியிலேயே நின்றுவிடும். பல் உண்மையில் நல்ல நீளந்தான். ஆனால் அதன் மேற்பகுதியை ஈறு போர்த்திக்கொண்டிருப்பதால் குட்டையாகவும் சதுரமாகவும் தெரியும். இந்த நிலையை 1977-இல் காஸ்லட், வனார்ஸ்டால், வைஸ்கோல்ட் ஆகிய மூவரும் வகைப்படுத்திக் காட்டினர். முன்பல்லின் இயல்பான நீளம் பத்துப் பதினொரு மி.மீ. இருக்கும். பல் எட்டு மி.மீ. அளவே தெரிந்து, அதன் முனை தேய்ந்தும் இராவிட்டால் இந்தக் காரணத்தை ஐயுறலாம்.

மூன்றாவது காரணம் உதட்டின் நீளக் குறைவு. மூக்கின் அடியிலிருந்து மேலுதட்டின் கீழ்விளிம்பு வரை பெண்களுக்கு ஏறத்தாழ 20 முதல் 22 மி.மீ., ஆண்களுக்கு 22 முதல் 24 மி.மீ. இருப்பது இயல்பு. அதற்குக் குறைந்தால் திரை போதாது. நம் வட்டாரத்துக்கே உரிய துயரம் ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். வெடிவிபத்தில் முகம் வெந்தவர்களுக்குக் காயம் ஆறும்போது தழும்பு சுருங்கி மேலுதட்டை மேலே இழுத்துக்கொள்வதுண்டு. பிறப்பில் நீளமாக இருந்த உதடும் அப்போது குட்டையாகிவிடும். வாயை மூடுவதே கடினமாகும்.

நான்காவது காரணம் தசையின் சுறுசுறுப்பு. எலும்பு சரி, பல் சரி, உதட்டின் நீளமும் சரி. ஆனால் உதட்டைத் தூக்கும் தசைகள் மட்டும் ஒன்றரை மடங்கு, இரு மடங்கு வேகத்தோடு வேலை செய்யும். சும்மா இருக்கும்போது இவர்கள் முகத்தில் எந்த வேறுபாடும் தெரியாது. சிரித்தால்தான் திரை மேலே போய்விடும்.

ஐந்தாவது காரணம் முன்பற்கள் அளவுக்கு மேல் இறங்கியிருத்தல். மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைப் பற்களை ஆழமாக மூடிக்கொண்டிருப்பவர்களிடம் இதைக் காணலாம். பல் இறங்கும்போது தன்னைச் சுற்றியுள்ள எலும்பையும் ஈற்றையும் உடன் அழைத்துக்கொண்டு வருகிறது.

ஆறாவது காரணம் ஈறு வீங்குதல் அல்லது பெருத்தல். மேற்சொன்ன ஐந்திலும் ஈறு ஆரோக்கியமாகவே இருக்கும். இளஞ்சிவப்பாக, உறுதியாக, துலக்கும்போது இரத்தம் கசியாமல் இருக்கும். ஆறாவதில் அப்படியன்று. பல்லடியில் சேரும் அழுக்கும் காறையும் ஈற்றைச் சிவக்க வைத்துப் புடைக்கச் செய்யும். வாயால் மூச்சு விடுவோர்க்கு முன்ஈறு உலர்ந்து தடிக்கும். கருவுற்ற மாதங்களில் ஈறு எளிதில் வீங்கும். அபூர்வமாக, இரத்தப் புற்றுநோய் முதன்முதலில் ஈற்று வீக்கமாகவே வெளிப்படுவதும் உண்டு. இவற்றோடு, சில மருந்துகளும் ஈற்றைப் பெருக்கச் செய்யும். அவற்றுள் வலிப்பு நோய்க்குத் தரும் ஃபெனிடாயின், இரத்த அழுத்தத்துக்குத் தரும் நிபெடிபின், அம்லோடிபின், சிறுநீரகம் மாற்றிப் பொருத்தியவர்களுக்குத் தரும் சைக்ளோஸ்போரின் ஆகியவை முக்கியமானவை.

என் அக்காவின் கதை

இந்தக் கடைசிக் காரணத்தைப் பற்றி நான் நூலகத்தில் மட்டும் படிக்கவில்லை, வீட்டிலும் படித்தேன்.

என் அக்கா வீட்டிலிருந்தபடியே தீப்பெட்டி ஒட்டும் வேலை செய்கிறவள். சிறுவயதிலிருந்து அவளுக்கு வலிப்பு உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த ஃபெனிடாயின் மாத்திரையால் வலிப்பு அடங்கியது. ஆனால் ஓராண்டுக்குள் முன்பற்களின் இடுக்குகளில் ஈறு மொட்டு மொட்டாகப் புடைத்து, பாதிப் பல்லை மூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்களில் ஒரு அம்மாள், "பொண்ணு நல்லாத்தான் இருக்கு, சிரிச்சா ஈறுல்ல தெரியுது" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அக்கா சிரிப்பதை நிறுத்திவிட்டாள். பக்கத்து வீட்டார் ஒருவர், "எல்லாம் மாத்திரைச் சூடுதான், நிறுத்திப் பாரு, தானா வத்திடும்" என்றார். அக்கா ஒருவரிடமும் சொல்லாமல் மாத்திரையையும் நிறுத்திவிட்டாள்.

இரண்டு வாரம் கழியவில்லை. அடுப்படியில் சோறு வடிக்கும்போது வலிப்பு வந்தது. அம்மா ஓடிப் பிடித்ததால் உயிர் பிழைத்தாள். ஆனால் வலக்கை முழங்கை வரை வெந்துவிட்டது. வீட்டின் மறுபக்கத்தில் ஒட்டிய தீப்பெட்டிகள் மலைபோல் குவிந்திருந்தன. தீ அந்தப் பக்கம் தாவியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் எண்ணிப் பார்க்க மனம் துணியவில்லை.

பக்கத்து வீட்டார் சொன்னதில் பாதி உண்மை இருந்தது, அதுதான் கொடுமை. ஃபெனிடாயினை வலிப்புக்கு மருந்தாக 1938-இல் மெரிட், புட்னம் என்னும் இருவர் அறிமுகப்படுத்தினர். மறு ஆண்டே, 1939-இல், அது ஈற்றைப் பெருக்குகிறது என்பதைக் கிம்பால் என்பவர் எழுதிவிட்டார். இம்மருந்தை உண்போரில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இது நேர்கிறது. இளம் வயதினருக்கும், பல்லைச் சரியாகத் துலக்காதவர்களுக்கும் கூடுதலாக நேர்கிறது. ஆகவே ஈறு பெருத்ததற்கு மாத்திரையே காரணம் என்பது சரி. ஆனால் வலிப்பு மாத்திரையைத் திடீரென நிறுத்தினால், அடக்கி வைத்த வலிப்பு முன்னிலும் கடுமையாகத் திரும்பும். விடாமல் தொடர்ந்து வந்து உயிரையே பறிப்பதும் உண்டு. காரணத்தைப் பாதி தெரிந்துகொள்வது, ஒன்றும் தெரியாததைவிடத் தீங்கானது.

கை ஆறிய பின் அக்காவை மீண்டும் டாக்டரிடம் அழைத்துச் சென்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை. "ஈறு பெருத்த அன்றே வந்திருக்கலாமே" என்றார். ஈற்றைப் பெருக்காத வேறொரு மருந்தைத் தொடங்கி, பழையதை வாரக்கணக்கில் சிறுகச் சிறுகக் குறைத்தார். பல் டாக்டர் காறையை நீக்கிச் சுத்தம் செய்து, துலக்கும் முறையையும் கற்றுக் கொடுத்தார். சில மாதங்களில் ஈறு பெரும்பாலும் வற்றியது. எஞ்சிய தடிப்பை மரத்துப்போக ஊசி போட்டுச் சீவி எடுத்தார்கள். இன்று அக்காவின் பற்கள் எல்லாம் தெரிகின்றன. அவள் கையிலுள்ள தழும்பும் தெரிகிறது.

சிகிச்சை முறைகள்

காரணம் எதுவோ அதற்கேற்பவே சிகிச்சையும் அமைய வேண்டும். வீங்கிய ஈற்றுக்கு முதற் சிகிச்சை சுத்தம் செய்தல், பிறகே கத்தி. மருந்தினால் வந்ததானால், மருந்தை மாற்றுவது எழுதிக் கொடுத்த டாக்டரின் பொறுப்பு. நோயாளி தாமாக நிறுத்தலாகாது.

விலகாத ஈற்றுக்குச் சிறு அறுவை போதும். மிகுதியான ஈற்றை அளந்து நீக்கிப் பல்லின் உண்மை நீளத்தை வெளிக்கொணர்வர். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. எலும்பின் விளிம்புக்கு மேல் பல்லோடு ஒட்டியிருக்கும் ஈற்றுத் திசு சராசரி 2 மி.மீ. உயரம் இருக்கிறது என்று கார்கியூலோ, வென்ட்ஸ், ஆர்பன் ஆகியோர் 1961-இல் அளந்து கூறினர். இயற்கை இந்த இடத்தை விட்டுக்கொடுக்காது. எலும்பு மிக அருகில் இருக்கும்போது ஈற்றை மட்டும் வெட்டினால், அது மீண்டும் வளர்ந்துவிடும். அல்லது ஓயாமல் வீங்கிக்கொண்டே இருக்கும். அத்தகையோருக்கு எலும்பின் விளிம்பையும் சிறிது சீவ வேண்டும். ஆகவே வெட்டுவதற்கு முன் அளந்து பார்க்கிறவரே நல்ல வைத்தியர்.

இறங்கிய பற்களைக் கம்பி கட்டி மெல்ல மெல்ல மேலேற்றலாம். இக்காலத்தில் தாடை எலும்பில் சிறு திருகுகளைத் தற்காலிகமாகப் பதித்து, அவற்றைப் பிடிமானமாகக் கொண்டு பற்களை உயர்த்துகின்றனர். இதற்குப் பல மாதப் பொறுமை வேண்டும்.

வேகமான தசைக்கு இரண்டு வழிகள். ஒன்று ஊசி. கெட்டுப்போன டப்பா உணவில் வளர்ந்து உயிரைக் கொல்லும் கிளாஸ்டிரிடியம் என்னும் பாக்டீரியாவின் நஞ்சை மிக நுண்ணிய அளவில் எடுத்துத் தசையில் செலுத்துகின்றனர். நரம்பு முனையிலிருந்து அசிட்டைல்கோலின் வெளிவருவதை அது தடுப்பதால் தசை தளர்கிறது. உதடு அளவோடு உயர்கிறது. போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த மரியோ போலோ என்னும் பல் சீரமைப்பு நிபுணர் இதுபற்றி 2005-இலும் 2008-இலும் எழுதினார். பலன் மூன்று முதல் ஆறு மாதந்தான். பிறகு மீண்டும் போட வேண்டும். மற்றொரு வழி, மேலுதட்டின் உட்புறச் சவ்வில் ஒரு பட்டையை நீக்கித் தைத்து, உதடு அதிகம் உயராமல் செய்வது. அர்ஜென்டினாவில் ரூபின்ஸ்டைன், கோஸ்தியனோவ்ஸ்கி என்னும் இருவர் 1973-இல் இதனை வெளியிட்டனர். இதிலும் சிலருக்கு நாளடைவில் பழைய நிலை திரும்புவதுண்டு.

எலும்பே நீண்டிருந்தால் பெரிய அறுவைதான் வழி. பிரெஞ்சு மருத்துவர் ரெனே லெஃபோர், இறந்தோரின் தலைகளை மோதச் செய்து, முக எலும்பு எந்தெந்தக் கோட்டில் முறிகிறது என்று ஆராய்ந்து 1901-இல் எழுதினார். அவர் கண்ட முதல் முறிவுக் கோட்டையே பிற்காலத்து அறுவை மருத்துவர்கள் வெட்டுக் கோடாகக் கொண்டனர். அக்கோட்டில் மேல்தாடையைப் பிரித்து, ஒரு பட்டை எலும்பை நீக்கி, தாடையை மேலே உயர்த்தித் தகடுகளால் இறுக்குவர். முழு மயக்கம் கொடுத்துச் செய்யும் இந்த அறுவையை வளர்ச்சி முற்றிலும் நின்ற பிறகே செய்வர். தழும்பால் சுருங்கிய உதட்டுக்குத் தழும்பை விடுவித்துத் தோல் ஒட்டும் ஒட்டுறுப்பு அறுவை உண்டு.

இவை எல்லாவற்றையும்விட எளிதான சிகிச்சை ஒன்று உண்டு. ஒன்றும் செய்யாமல் இருப்பது! வயது ஏற ஏற மேலுதடு தளர்ந்து இறங்குகிறது. ஈறு தெரிவதும் தானே குறைகிறது. இருபது வயதில் மறைக்கப்படும் இந்தச் சிரிப்பு, உண்மையில் இளமையின் அடையாளங்களில் ஒன்று.

நாம் செய்ய வேண்டியது

கண்ணாடி முன் நின்று மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வோம். இது சிறுவயதிலிருந்தே இருப்பதா, அண்மையில் வந்ததா? துலக்கும்போது இரத்தம் கசிகிறதா? ஈறு சிவந்தோ கறுத்தோ புடைத்தோ இருக்கிறதா? சிறுவயது முதல் இருந்து, இரத்தமும் வீக்கமும் இல்லையானால், அது நம் முக அமைப்பு. மருத்துவரிடம் போவதும் போகாததும் நம் விருப்பம். அண்மையில் வந்ததானாலோ, இரத்தம் கசிந்தாலோ, காலதாமதம் கூடாது. உண்ணும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

உமிக்கரியும் செங்கற்பொடியும் பல்லைத் தேய்ப்பதோடு ஈற்றையும் புண்ணாக்குபவை. அவற்றை விட்டுவிட்டு, மென்மையான பிரஷ்ஷால் காலையும் இரவும் துலக்க வேண்டும். ஈற்றைக் குறைக்கக் கடையில் விற்கும் களிம்பு, வீட்டு வைத்தியம் எதனாலும் எலும்பு குறையாது, தசையும் அடங்காது. 'முன்பல்லைப் பிடுங்கிப் பல் கட்டிக்கொள்' என்று யாரேனும் சொன்னால், எந்தக் காரணத்துக்காக என்று கேட்க வேண்டும். விருதுநகரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மதுரை இராசாசி மருத்துவமனையில் ஒட்டுறுப்பு அறுவைத் துறை இருக்கிறது. சென்னையில் 1953-இல் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லாத காலம் அன்று இது.

மற்றொரு வேண்டுகோள், ஈறு தெரியாமல் சிரிக்கும் அதிர்ஷ்டசாலிகளுக்கு. நகை பிறக்கும் இடங்களில் எள்ளலையும் ஒன்றாகத் தொல்காப்பியர் சொல்லியிருக்கிறார். பிறர் சிரிப்பைப் பார்த்து நாம் சிரிப்பது அந்த வகை. வாசலில் நின்று ஒருவர் அலட்சியமாகச் சொன்ன ஒரு வரி, எங்கள் வீட்டில் ஒரு மாத்திரைச் சீட்டைக் குப்பைக்கு அனுப்பியது. ஒரு கையை நெருப்பில் வைத்தது. சொன்னவருக்கு அது இன்றுவரை தெரியாது.

இந்த ஆண்டு மலருக்காக எங்கள் துறையைப் படமெடுத்தபோது, புகைப்படக்காரர் வழக்கம்போல் என்னைப் பார்த்துக் கையசைத்தார். நான் கையை வாய்க்குக் கொண்டு போகவில்லை. அளந்து பார்த்திருக்கிறேன், 3 மி.மீ.தான். இந்த இதழில் அந்தப் படம் இருக்கிறது. இரண்டாம் வரிசையில் இடமிருந்து நான்காவது.